சனிக்கிழமை நாற்பது நிமிடங்கள்

நெட் வரவில்லை என்று சொல்கிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நெட் ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருக்கும். கேபிளைக் காலால் இடறிவிட்டிருப்பார்கள். பாஸ்வேர்டில் பெரிய எழுத்தைச் சின்ன எழுத்தாக அடித்திருப்பார்கள். அல்லது ஒன்றுமே செய்யாமல் திரையையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக நான் பார்த்த வேலை இது என்பதால் சொல்கிறேன்.

நேற்று உங்கள் வக்கீல் அலுவலகத்தில் நீங்கள் வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டி, நடந்ததை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள் என்றீர்கள். டைப் செய்து தரட்டுமா என்று கேட்டேன். பிரிண்டர் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை என்றீர்கள். அதன் பின்பக்கத்துக் கேபிள் பாதி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

நான் வேலை பார்ப்பது நாலு மாடி அலுவலகம். இருநூற்று அறுபது கம்ப்யூட்டர். அத்தனைக்கும் நான் ஒருவன். மூன்றாம் மாடி மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மானிட்டர் செத்துவிட்டது என்பார். நான் போய் மானிட்டர் பட்டனைத் தட்டுவேன். உயிர் வந்துவிடும். அவர் நன்றி சொல்ல மாட்டார். இப்படி ஒரு பட்டனை ஏன் வைக்கிறார்கள் என்று மானிட்டர் செய்தவனைத் திட்டுவார். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு அங்கே 'ரீஸ்டார்ட்' என்று பெயர். ரீஸ்டார்ட் வந்தாரா, ரீஸ்டார்ட் சாப்பிடப் போயிட்டாரா. தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். ஒருநாள் இதை வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அது என் தப்பு. மனைவியிடம் சொன்னது ஒருபோதும் மனைவியோடு நிற்பதில்லை.

அவளுடைய தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இரண்டு பை, ஒரு கத்தரிக்கோல் பெட்டி. துணி வெட்டுவதுதான் அவள் தொழில். தையல்கடையில் அளவு நாடாவைத் தொடாமலே ஆள் தோளைப் பார்த்து வெட்டிவிடுவாள் என்று என் மனைவி பெருமையாகச் சொல்வாள். புருஷனோடு ஒத்துவரவில்லை. ஏழு வயது மகள் அவனிடம் இருந்தாள். வாலு என்று கூப்பிடுவார்கள், அத்தனை சேட்டை. இவளுக்குச் சொந்த இருப்பிடம் இல்லை என்பதால் வழக்கு முடிகிற வரைக்கும் பிள்ளை அப்பாவோடு இருக்கட்டும், அம்மா சனிக்கிழமைதோறும் நாலு மணியிலிருந்து நாலரை வரை வீடியோவில் பார்த்துப் பேசலாம் என்று குடும்ப நீதிமன்றத்தில் ஏற்பாடு. ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும். ஆறு மாதம் கழித்து அந்தப் பதிவைப் பார்த்துத்தான் பிள்ளை யாரிடம் என்று முடிவு செய்வார்கள். இதை அவள் என்னிடம் முதல் நாளே சொன்னாள். எனக்குத் தெரியாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

என் மனைவி யாரிடமோ பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி வந்தாள். நடையில் ஜன்னலோரம் ஒரு மேசையைப் போட்டுக்கொடுத்தேன். வைஃபை பாஸ்வேர்டை ஒரு அட்டையில் அச்சடித்த மாதிரி எழுதி ஒட்டினேன். முதல் சனிக்கிழமை மூன்றே முக்காலுக்கு அவள் என்னைத் தேடிக்கொண்டு குளியலறைக் கதவு வரைக்கும் வந்துவிட்டாள்.

"அத்தான், நெட் வரலை அத்தான். என்னென்னமோ பண்ணிட்டேன். பிள்ளை உக்காந்திருக்கும் அத்தான்."

தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தேன். பழைய மாடல் லேப்டாப்களில் வைஃபையை அணைக்கவும் போடவும் பக்கவாட்டில் நகத்தளவு ஒரு சுவிட்ச் இருக்கும். மேசைக்கு இழுத்தபோது அது நகர்ந்திருந்தது. கட்டை விரலால் தள்ளினேன். வந்துவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் என் மனைவி நின்றிருந்தாள். பத்தொன்பது வருட வாழ்க்கையில் அவள் என்னை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைப்பதற்கில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு சுவிட்சைத் தள்ளியதற்காக ஒருவன் தன் வீட்டில் பெரிய மனிதனாகிவிட்டான்.

அடுத்த வாரம் அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. மூன்றரைக்கே மேசையில் உட்கார்ந்து, சுவிட்சைப் பார்த்து, பாஸ்வேர்டைப் பார்த்து, எல்லாம் தானே செய்துகொண்டாள். நான் முன்னறையில் செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நாலரைக்கு எழுந்து வந்து, "நானே போட்டுட்டேன் அத்தான், சுலபமாத்தான் இருக்கு" என்றாள்.

சுலபம். இருபத்திரண்டு வருடத்தை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அன்று மாலை அக்காளும் தங்கையும் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தங்கை சொன்னாள்: "அக்கா, ஆஃப் பண்ணி ஆன் பண்றதுக்குப் போயி அத்தானுக்கு ஒரு நாற்காலி, ஒரு மேசை, மாசம் பொறந்தா சம்பளமா? ரீஸ்டார்ட்டுன்னு பேரு வெச்சவன் சரியாத்தான் வெச்சிருக்கான்." அவள் சிரித்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மனைவியும் சிரித்தாள். தங்கை நிறுத்திய பிறகும் சிரித்தாள். கையிலிருந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுகிறவர்கள் பாத்திரத்தைத் தூக்கி எறிவார்கள், மறுநாள் அதை அவர்களே நிமிர்த்தி வைப்பார்கள். நான் அந்த ரகம் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி நினைத்துக்கொள்கிறவர்களுக்கு அது தெரியாது என்று புரியவைப்பது ஒரு உதவி. அந்த உதவியைச் செய்யலாம் என்று தோன்றியது. புதன்கிழமை சாப்பிட்டு, என் தட்டை நானே கழுவி வைத்துவிட்டு, ரௌட்டர் அமைப்பைத் திறந்தேன்.

ரௌட்டர் என்றால் வீட்டுக்கு வருகிற நெட்டை எல்லோருக்கும் பிரித்துக்கொடுக்கிற அந்த டப்பா. எந்தக் கருவிக்கு எந்த நேரத்தில் வைஃபை கிடைக்கக் கூடாது என்று அதில் எழுதி வைக்கலாம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில் பெற்றோர் செய்கிற ஏற்பாடு. அவள் லேப்டாப்புக்கு மட்டும், சனிக்கிழமை மட்டும், மூன்று ஐம்பத்தைந்திலிருந்து நாலு முப்பத்தைந்து வரை தடை போட்டேன். நாற்பது நிமிடம். அந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் கொடுக்கச் சொல்லும். 'பாடம்' என்று கொடுத்தேன். எதையும் பெயரில்லாமல் விட்டுவைப்பது எனக்குப் பழக்கமில்லை.

அந்தச் சனிக்கிழமை மூன்றரைக்கு அவள் உட்கார்ந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மூன்று ஐம்பத்தைந்துக்கு அறுந்தது.

"இப்ப வரைக்கும் இருந்துச்சே அத்தான்!"

"பதறாதம்மா. ஒண்ணொண்ணாப் பாப்போம்."

ஒன்றொன்றாகப் பார்த்தோம். லேப்டாப்பை அணைத்துப் போட்டோம். நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி மறுபடி சேர்த்தோம். பாஸ்வேர்டை அவளையே மூன்று தடவை அடிக்கச் சொன்னேன். தேதியும் மணியும் சரிதானா என்று பார்த்தோம். வைஃபைக்கான மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டோம். அதற்கு மட்டும் பதினோரு நிமிடம். 'இந்த நெட்வொர்க்கில் இணைய முடியவில்லை' என்று திரை சொல்லிக்கொண்டே இருந்தது. நான் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அவள் அழுதபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நாலு முப்பத்தைந்துக்கு, கடைசியாக ஒரு தடவை முயற்சி பண்ணு என்றேன். வந்துவிட்டது. அழைப்பு முடிந்து ஐந்து நிமிடமாகியிருந்தது. ஆனாலும் அவள் நெட் வந்ததற்காக எனக்கு நன்றி சொன்னாள். அக்காளும் சொன்னாள். அன்று யாரும் யாருக்கும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

ஒரு வாரத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒரு வாரத்தில் யார் பாடம் கற்றுக்கொள்கிறார்கள்?

எல்லா வாரமும் தடுத்தேன் என்று நினைக்காதீர்கள். எல்லா வாரமும் தடுக்கிறவன் முட்டாள். அவள் வேறு லேப்டாப் வாங்கிவிடுவாள். இரண்டு வாரம் தடுத்தால் ஒரு வாரம் விட்டேன். சில வாரம் கடைசி ஐந்து நிமிடத்தைத் திறந்துவிட்டேன். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முழு அரை மணி நேரம் கிடைத்தபோதுகூட அவள் அப்படி மகிழ்ந்ததில்லை. எளிதாகக் கிடைக்கிற எதற்கும் மதிப்பில்லை என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

ஃபோனில் பார்த்திருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் இடையில் குறுக்கிட்டுக் கேட்டார். புத்திசாலி. அவளும் கேட்டாள். நீதிமன்றத்தில் எந்தக் கருவி பதிவாகியிருக்கிறதோ அதில்தான் வர வேண்டும், ஃபோனில் வந்தால் பதிவு குழம்பி உன் தலையில்தான் விடியும் என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. அவளுக்கு அது தெரியாது. ஃபோனில் இருக்கிற நெட்டையே லேப்டாப்புக்குக் கொடுக்கலாம் என்பது இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அக்காள் ஃபோனில் நெட் வருகிறதே என்று கேட்டதற்கு, அது புது ஃபோன், இது பழைய லேப்டாப், மாலை நேரத்தில் கட்டடம் முழுக்க எல்லோரும் நெட்டில் உட்காருகிறார்கள், நெரிசலில் கிழடு ஒதுங்கிவிடும் என்றேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர்களோடு வாழ்வது எவ்வளவு அலுப்பான விஷயம் என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது.

ஒரே ஒரு சனிக்கிழமைதான் கொஞ்சம் சிக்கலாயிற்று. நாலு ஐந்துக்கு அவள் திடீரென்று லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். "அவர் வீட்டு வைஃபையில பாக்கறேன் அத்தான்" என்று செருப்பில்லாமல் ஓடினாள். அங்கே போனால் வந்துவிடும்; அந்த வீட்டு டப்பாவில் என் பாடம் இல்லை. பின்னாலேயே போனேன். "கீழே போட்டுடுவே, குடு" என்று படிக்கட்டில் வாங்கிக்கொண்டேன். வாங்கும்போதே கட்டை விரலால் அந்தப் பக்கவாட்டுச் சுவிட்சைத் தள்ளிவிட்டேன். முதல் சனிக்கிழமை நான் சரிசெய்த அதே சுவிட்ச். பதற்றத்தில் இருக்கிறவர்கள் திரையைத்தான் பார்ப்பார்கள், பக்கவாட்டில் பார்க்க மாட்டார்கள். தபால்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். நாலு இருபத்தெட்டுக்கு, அடடா இங்கே இருக்கிறதே கோளாறு என்று சுவிட்சைத் தள்ளினேன்.

இரண்டு நிமிடம் கிடைத்தது. வாலு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தலை படிய வாரியிருந்தது.

"அம்மா, நீ ஏன் எப்பப் பாரு லேட்டு?"

"நெட் வரலடா கண்ணு. பெரியப்பா இப்பத்தான் சரிபண்ணினாங்க."

"எல்லார் வீட்லயும் நெட் வருதாம். வேணும்னா வரும்னு அப்பா சொன்னாங்க."

அவள் பதில் சொல்லத் தொடங்கும்போது நேரம் முடிந்துவிட்டது. தபால்காரர் என்னைப் பார்த்து, "நல்லவேளை சார், நீங்க கூட வந்தீங்க" என்றார். நல்ல மனிதர். நல்லவர்களில் விவரம் தெரிந்தவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஆறு மாதம் முடிகிற சமயத்தில் அவளுடைய அப்போதைய வக்கீல் ஃபோன் செய்தார். இத்தனை நாள் அம்மா வரவில்லை என்று பதிவில் இருக்கிறது, நெட் கோளாறுதான் காரணம் என்று வீட்டில் நெட்டைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும், நீதிபதி ஏற்றுக்கொள்வார் என்றார். இரண்டே வரி. எழுதிக்கொடுங்க அத்தான் என்று அவள் என் எதிரில் தாளை வைத்தாள். பேனா மூடியையும் அவளே கழற்றிக் கொடுத்தாள்.

எழுத உட்கார்ந்தேன். உண்மையாகவே எழுதிக்கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாடம் போதும், ஆறு மாதம் ஆகிவிட்டது என்ற நினைப்பு எனக்கே வந்திருந்தது. ஆனால் 'எங்கள் வீட்டு நெட் அடிக்கடி பழுதாகும்' என்று எழுதி அதற்குக் கீழே என் பெயரைப் போட வேண்டும். அந்த ரௌட்டரை வைத்தவன் நான். ஆறு மாதத்தில் அது ஒரு நொடிகூட நின்றதில்லை. நான் வைத்த ஒன்று நிற்காது. நாளைக்கு அந்தக் கடிதம் எங்கெங்கே போகுமோ, யார் யார் படிப்பார்களோ. மூன்றாம் மாடி மேனேஜரின் மைத்துனர் நீதிமன்றத்தில்தான் வேலை பார்க்கிறார். தன் வீட்டு வைஃபையையே சரிசெய்யத் தெரியாத ரீஸ்டார்ட் என்று அவர்கள் சிரிப்பதற்கு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா?

அதனால் உண்மையை எழுதினேன். மேற்படி காலத்தில் எங்கள் வீட்டு ரௌட்டரிலோ இணைப்பிலோ எந்தப் பழுதும் இருந்ததில்லை. அதே நேரத்தில் வீட்டிலுள்ள மற்றக் கருவிகள் எல்லாம் தடையின்றி இயங்கின. குறிப்பிட்ட லேப்டாப்பைப் பலமுறை சோதித்தேன். அதிலும் பழுது எதுவும் காணப்படவில்லை. ஒரு வரிகூடப் பொய் இல்லை, சரிபார்த்துக்கொள்ளலாம். உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. கோப்போடு கொடுத்துவிட்டு வந்து, சாப்பிட்டீங்களா அத்தான் என்று கேட்டாள்.

விசாரணை அன்று நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் என் கடிதத்தை இரண்டு தடவை படித்தார், இரண்டாவது தடவை நிறுத்தி நிறுத்தி. தெளிவான கடிதம் என்று நீதிபதியே சொன்னார். பிறகு அழைப்புகளின் பதிவை வாசித்தார்கள். பிள்ளை நாலு மணிக்கு ஆஜர், அம்மா இல்லை. பிள்ளை ஆஜர், அம்மா இல்லை. ஒரு சனிக்கிழமை பற்றிக் கூடுதலாக ஒரு குறிப்பு இருந்தது. பிள்ளைக்கு முதல் பல் விழுந்திருக்கிறது, அதை ஒரு தீப்பெட்டியில் வைத்து அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று கேமராவுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நாலு முப்பத்தொன்று வரை உட்கார்ந்திருந்தது. பிறகு பெட்டியை மூடிவிட்டது. அவ்வளவுதான் குறிப்பு. இதைக் கேட்டு அந்தக் கூடத்தில் ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினார். பல் என்ன, திரும்ப முளைக்கிற சாமான்.

பிள்ளையிடம் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு என்னைப் பார்க்க இஷ்டம் இல்லை, இனிமேல் நான் உட்கார மாட்டேன் என்று சொல்லியிருக்கிறது. அப்பனுக்கு வெளிநாட்டில் வேலை. பிள்ளை அவனோடு போகட்டும், அம்மா எப்போது பேசலாம் என்பதை அவன் வசதிப்படி வைத்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பு. அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் கடிதம் அவளுக்குப் புரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

புரிந்திருக்கிறது. இரண்டு நாள் அவள் வேலைக்குப் போகவில்லை, நடையில் அந்த மேசை முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். தபால்காரர் வீட்டுக்குப் போன அன்றைக்கு அந்தச் சுவிட்ச் எப்படி நகர்ந்தது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாளாம். முதல் நாளுக்குப் பிறகு அதைப் போய்ப் போய்ப் பார்ப்பாளாம், அன்றைக்கும் மூன்றரைக்குப் பார்த்தாளாம். படிக்கட்டில் லேப்டாப் கைமாறியது ஒரே ஒரு தடவை. துணி வெட்டுகிறவள் அல்லவா, எங்கே இழை பிரிந்தது என்று கண்டுபிடித்துவிட்டாள்.

அதற்கப்புறம் ரௌட்டரைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். அமைப்பைத் திறக்கிற பாஸ்வேர்டு அடியில் ஒட்டியிருக்கும். வாங்கியதும் அதை மாற்ற வேண்டும். மாற்றாமல் விடுகிறவன் மடையன் என்று இருபத்திரண்டு வருடமாக நாலு மாடியிலும் நான் கத்திக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் நான் மாற்றவில்லை. இந்த வீட்டில் யாருக்கு அது என்னவென்று தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன். என் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. ஆனால் ஒருவனும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது இருவரும் மேசையருகில் நின்றிருந்தார்கள். திரையில் 'பாடம்' திறந்திருந்தது. சனிக்கிழமை, மூன்று ஐம்பத்தைந்து, நாலு முப்பத்தைந்து, அவள் லேப்டாப். எல்லாம் சுத்தமாக வரிசையாக இருந்தது. தங்கையின் பைகள் ஏற்கெனவே வாசலில் இருந்தன. என் மனைவிதான் கேட்டாள். "என்னங்க" என்று தொடங்கவில்லை.

"அந்தப் பல்லு காட்ட வந்த அன்னிக்குமா?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. "ஆமாம்" என்றேன்.

என் மனைவி உள்ளே போய்த் தன் பையையும் எடுத்து வந்தாள். தையல்கடைக்கு மேலே ஒரு அறை இருக்கிறதாம், இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று தபால்காரர் சொன்னார். அவர் இப்போது என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறார். படித்தவன் ஒருவனைக் கண்டு இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வது எளிது. அந்த இருபத்தாறு சனிக்கிழமையும் அவளுக்கு முன்னால் பொறுமையாக உட்கார்ந்தது யார் என்று அவர் யோசித்துப் பார்க்கட்டும்.

என் வாக்குமூலம் இருந்தால் வழக்கைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் பிள்ளை திரைக்கு முன்னால் வந்து உட்கார மறுக்கிறது, அதற்கு யாரும் உத்தரவு போட முடியாது என்று சொன்னீர்கள். அது உங்கள் வேலை, எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்ட வரியை நீங்கள் கேட்டபடியே எழுதுகிறேன். இருபத்தாறு சனிக்கிழமைகளில் பதினேழை நான் தெரிந்தே, திட்டமிட்டு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் தடுத்தேன். பன்னிரண்டு முழுவதும், ஐந்து கடைசிச் சில நிமிடங்கள் தவிர. அந்த அழைப்புகளை வைத்துத்தான் பிள்ளை யாரிடம் என்று முடிவாகும் என்பது எனக்கு முதல் நாளிலிருந்து தெரியும். ரௌட்டரில் பழுது இல்லை. லேப்டாப்பில் பழுது இல்லை. அவளும் ஒன்றும் தவறாகச் செய்யவில்லை; மூன்றரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவாள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருத்தி இன்றைக்கு ரௌட்டரைக் கவிழ்த்து, அமைப்பைத் திறந்து, எந்தக் கருவிக்கு எந்த நேரத்தில் தடை இருக்கிறது என்று தானாகவே கண்டுபிடிக்கிறாள். எங்கள் அலுவலகத்தில் இருநூற்று அறுபது பேரில் ஒருவருக்குக்கூட அது வராது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? சனிக்கிழமை சனிக்கிழமையாக ஒன்றொன்றாகக் காட்டிக்கொடுத்தது யார்? இதை எந்த நீதிமன்றமும் பதிவு செய்யப்போவதில்லை.

அந்தப் பாடத்தை நான் நீக்கிவிட்டேன். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். அவர்கள் அறையில் புது இணைப்பு எடுப்பார்கள். புது ரௌட்டர் என்றால் முதல் சில வாரம் தகராறு பண்ணும், அந்தக் கிழட்டு லேப்டாப் அதோடு ஒத்துப்போகாது. கடைக்காரனிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள், அவன்கள் எல்லாம் அரைவேக்காடு. என் எண் மாறவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன்.